நம்புசெல்வியின் எடை

குக்கருக்கு காஸ்கெட் வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் அன்று காலை நம்புசெல்வி தங்கைக்குப் போன் செய்தாள்.

"அஞ்சு லிட்டராக்கா, மூணு லிட்டரா?" என்று கேட்டாள் களஞ்சியம். அவள் ராமநாதபுரம் தபால் நிலையத்தில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சேலை மடிப்பைச் சரிசெய்தபடி பேசினாள்.

"அது என்ன எழவோ. ஒங்கல்யாணத்துக்கு வந்ததுடி. பெருசா இருக்குன்னு எந்தலையில கட்டினியே, அது."

"அப்ப அஞ்சு."

"அஞ்சுக்கே வாங்கு. ஆவி பூரா பக்கவாட்டுல போகுது. பருப்பு வேகுறதுக்குள்ள நான் வெந்து போறேன்."

"ஆமா, நீ என்ன வீட்ல இருக்க? இன்னைக்கு அமாவாசையில்ல, பாசிக்குப் போகலையா?"

"எங்கிட்டுப் போறது? படகு போயிருச்சு. இந்த வட்டத்துக்காரிக கூப்பிட்டுட்டாளுக. நான் உக்காரலைன்னா கூட்டமே செல்லாதாம். முடிச்சுட்டு சூசைக் கிழவன் வள்ளத்துல போய்க்கிறேன். வச்சிடவா? மணி அடிச்சு உயிரெடுக்குறாளுக."

வைத்துவிட்டாள்.

பாசி எடுப்பது என்றால் கடலுக்குள் இறங்கி, தீவை ஒட்டிய பாறைகளில் வளரும் கடற்பாசியை மூழ்கிப் பறிப்பது. பாம்பனுக்குத் தெற்கே உள்ள கரையில் அது பெண்களின் வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். காலையில் வற்றும் நேரத்துக்குள் போய் இறங்கி, தண்ணீர் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். நம்புசெல்விக்கு இடது கால் சிறு வயதிலேயே சூம்பிவிட்டது. தரையில் இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். தண்ணீரில் அந்தக் கால் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கூட்டம் முடிந்ததும் சூசையின் வள்ளத்தில் போனாள். மதியத்துக்குமேல் காற்று திரும்பியது. மறுநாள் தீவின் மறுபுறத்தில் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. சூசையின் உடல் இரண்டு நாள் கழித்து ஒதுங்கியது. அவளுடையது ஒதுங்கவே இல்லை.

அவளை அன்று காலை உட்கார வைத்த கூட்டத்தின் தலைப்பைக் களஞ்சியம் பின்னால்தான் தெரிந்துகொண்டாள். நலத்திட்டங்கள் பெண்களின் வேலை நேரத்தை மதிக்கின்றனவா என்பது தலைப்பு. மதிக்கின்றன என்று முடிவாகியிருந்தது.

*

நாலைந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, தபால் நிலையக் கவுண்டர் வரிசையில் பஞ்சவர்ணம் வந்து நின்றாள். அக்காவுடன் ஒரே படகில் பாசிக்குப் போனவள். வாய் சும்மா இருக்காது.

"பதிவுத் தபாலா, ஸ்பீடு போஸ்டா?" என்றாள் களஞ்சியம், நிமிராமலே.

"தபாலும் இல்ல கிபாலும் இல்ல. ஒங்கக்கா எங்கள மறிக்குறாத்தா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

களஞ்சியம் நிமிர்ந்தாள்.

"அவ போனப்புறம் நாங்கள்லாம் சேந்து ஒரு மீட்புப் படகு கேட்டோம். தீவுப் பக்கமே நிக்கணும், கையில கட்டுன பொத்தானை அமுக்குனா ஓடியாரணும். வட்டத்துல எல்லாரும் வேணும்னுதான் சொன்னோம். 'தேவையில்லை'ன்னு முடிவு வந்திருக்கு. யாரு வேணாம்னதுன்னு கேட்டா, ஒங்கக்காங்குறாளுக. பழகிப்போச்சு, படகெல்லாம் எதுக்குன்னு சொல்லிட்டாளாம். போன வாரம்."

"போன வாரமா?"

"போன வாரம்தான். உசுரோட இருக்கையில நம்மள வாயத் தொறக்க விடமாட்டா. செத்தும் விடமாட்டேங்குறாளே!"

வரிசையில் பின்னால் நின்றவர், "ஏம்மா, வீட்டுக் கதைய வெளிய போய்ப் பேசக் கூடாதா?" என்றார். பஞ்சவர்ணம் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

*

சமன்வட்டம் ஆரம்பித்தபோது யாரும் அதில் குறை காணவில்லை. ஒரு திட்டம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, பெண்களுக்கு அதனால் என்ன ஆனது, யார் விட்டுப்போனார்கள் என்று அளப்பவர்கள் நாடு நாடாகத் தனித்தனியே இருந்தார்கள். அவர்களை ஒரே சமூகமாகச் சேர்ப்பதுதான் வட்டம். அளக்கிறவர்களும் அளக்கப்படுகிறவர்களும் அதில் சம உறுப்பினர்கள். நிதி தருகிறவர்கள் வட்டம் ஒப்பாத எதற்கும் காசை அவிழ்ப்பதில்லை. நம்புசெல்வி போன்றவர்களுக்கு ஆளுக்கொரு பேசும் பலகை கொடுத்திருந்தார்கள். எந்த மொழியில் பேசினாலும் கேட்பவருக்கு அவரவர் மொழியில் போய்ச் சேரும்.

வட்டத்தின் அலுவலகம் ராமநாதபுரம் கேணிக்கரையில் ஒரு மாடியில் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் தமயந்தி மதுரைப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. களஞ்சியம் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. நடிப்பில்லை, அதுதான் களஞ்சியத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபப்படவும் ஆள் சரியாக அமையவில்லை.

"அக்கா, பொய் யாரும் சொல்லலை. நம்புசெல்வி அம்மா வராத கூட்டத்துல நிகரி அவங்களுக்காகப் பதில் சொல்லும். எங்க ஏற்பாடே அப்படித்தான்."

"நிகரின்னா?"

"ஒருத்தர் ஏழெட்டு வருஷமா சொன்ன பதிலை எல்லாம் கேட்டுக் கேட்டு, அவங்க இருந்தா என்ன சொல்வாங்கன்னு அவங்க குரல்லயே சொல்லும். முன்னாடில்லாம் புள்ளைக்குக் காய்ச்சல், கூலிக்குப் போகணும்னு பொம்பளைங்க கூட்டத்துக்கு வரமாட்டாங்க. வரலைன்னா அவங்க கருத்தே இல்லைன்னு எழுதிடுவாங்க. அது கூடாதுன்னுதான் நிகரியைக் கொண்டுவந்தோம்."

"சரி. கரையில அத்தனை பேரு வேணும்னாங்களே. ஒருத்தி வேணாம்னா எப்படி வேணாம்னு ஆகும்?"

தமயந்தி தயங்கினாள். "எடை."

"என்ன எடை?"

"யாரு ரொம்ப விடுபட்டவங்களோ அவங்க சொல்லுக்கு எடை அதிகம். விதவை, கால் ஊனம், நிலம் இல்லை, அஞ்சாம் வகுப்பு, கடல்ல கூலி. இத்தனையும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்திருக்கிறது இந்தக் கரையில அவங்க ஒருத்தங்கதான். ஆயிரம் பேருக்கு மேல அவங்க குரல்ல பேசுறதா கணக்கு."

"என் எடை என்ன?"

"அக்கா, நீங்க அரசாங்க உத்தியோகம். சொந்த வீடு. பட்டம்..."

"சொல்லுங்க."

"ஒண்ணுக்கும் கீழ."

"அப்ப நான் செத்தா முழுக் காரியம் பண்ணுவாங்களா, அரைக் காரியமா?"

தமயந்திக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"விடுங்க. எங்கக்கா செத்துப்போச்சு. பேரை எடுத்திருங்க."

"எடுத்தா, அப்படி விடுபட்டவங்க ஒருத்தரும் இல்லைன்னு இந்தக் கரைக்கு முடிவெடுக்கிற தகுதி போயிரும். மறுபடியும் முதல்ல இருந்து எல்லாரையும் கேக்கணும். ரெண்டு வருஷம் ஆகும்."

"ஆகட்டும். கேளுங்க."

"ஆனா நான் எடுக்க முடியாதுக்கா. ஒரு உறுப்பினரை அடுத்தவங்க சொல்லி நீக்க முடியாது. அவங்களேதான் விலகுறேன்னு சொல்லணும்."

களஞ்சியம் அதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "செத்தவ வந்து, நான் செத்துட்டேன்னு சொல்லணும்."

"விதி அப்படி இருக்கு."

"அப்ப அவளையே கேளுங்க. அந்த நிகரியைத்தான்."

"கேக்கலாம். ஆனா கேக்கும்போது சொந்தக்காரங்க அறையில இருக்கக் கூடாது. கட்டாயப்படுத்திடுவாங்கன்னு."

களஞ்சியம் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் நின்றாள். ஐந்து நிமிடத்தில் தமயந்தி வந்து, "இருக்கேன்னுதான் சொல்றாங்கக்கா" என்றாள், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

*

அதற்குப் பிறகு களஞ்சியம் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்றுதான் இருந்தது. உடல் கிடைக்காதவருக்கு இறப்புச் சான்று வாங்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படியே வாங்கினாலும் வட்டம் அதை ஏற்பதில்லை. ஏன் என்று கேட்டு அவள் எழுதிய முறையீடு உலகக் குழுவுக்குப் போனது. ஒரு மாலை தமயந்தியின் அலுவலகத் திரையில் நைரோபியிலிருந்து அச்சியெங் தோன்றினாள். வட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருத்தி. நரைத்த தலை, பெரிய கண்ணாடி. அவள் தன் மொழியில் பேச, பலகை அதை மேடைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தது.

"அன்புச் சகோதரி, தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன்."

"சரிங்கம்மா" என்றாள் களஞ்சியம். "விதியைச் சொல்லுங்க."

"என் தாய்க்கு ஏரிக்கரையில் நிலம் இருந்தது. என் தந்தையின் தம்பிகள் என் தாய் இறந்துவிட்டதாகச் சான்றிதழ் வாங்கினார்கள். உண்மையான முத்திரை, உண்மையான கையொப்பம். என் தாய் அலுவலகத்துக்குப் போய், நான் உயிரோடிருக்கிறேன் என்றார். உறவினர்கள் யாரும் சாட்சி சொல்லவில்லை. அவர் இறந்தது பதினோரு ஆண்டுகள் கழித்து. அதுவரை அவர் குரலை எவரும் பதிவு செய்யவில்லை. அதனால்தான் இந்த விதி."

களஞ்சியம் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்களா?"

"இல்லை. நான் உங்களை நம்புகிறேன். ஆனால் நான் நம்பினால் போதும் என்று விதி எழுதினால், நாளை என் சிற்றப்பன்மாரையும் நம்ப வேண்டிவரும்."

சண்டை போட வந்த இடத்தில் எல்லாரும் நியாயமாகப் பேசினால் மனுஷி எங்கேதான் போய் முட்டிக்கொள்வது? அன்று பேருந்தில் வீட்டுக்கு வரும்வரை களஞ்சியம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

வழி சொன்னது தமயந்திதான். "அக்கா, கேட்பாளர் ஆயிருங்க. பட்டம் இருக்கு, ஒரு மாசப் பயிற்சி. கேட்பாளர்னா எந்த உறுப்பினர்கிட்டயும் கேள்வி கேக்கலாம். விலகல் விஷயம்தான் பேசக் கூடாது, படகைப் பத்திக் கேக்கலாம். ஒரே ஒரு தடவை மறுகேள்விக்கு இடம் இருக்கு. ஆனா பதிலை நீங்க எடுத்துக் கொடுத்தா செல்லாது."

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது முழுக்கச் சரியாகத்தான் இருந்தது. வேண்டுமா என்று கேட்காதே, என்ன நடக்கிறது என்று கேள். அவசரப்படுத்தாதே. அவள் வேலை நேரத்தில் கேட்காதே. கடைசி வரியைப் படித்தபோது களஞ்சியம் அந்தப் பாடத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.

*

அக்காவின் குரல் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் பலகையின் முன் உட்கார்ந்தாள். எதிரில் தமயந்தி சாட்சியாக இருந்தாள்.

"வணக்கம் மேடம். உக்காருங்க. சாப்டீங்களா?"

களஞ்சியம் அந்த 'மேடம்' என்ற சொல்லுக்குத் தயாராக வரவில்லை.

பிறந்ததிலிருந்து அவளை 'ஏண்டி', 'மூதேவி', 'களஞ்சி' என்று கூப்பிட்ட குரல் அது. நிகரிக்கு அந்த அக்காவைத் தெரியாது. ஏழெட்டு வருடமாக வெளியாட்களிடம் பேசிய அக்காவைத்தான் அது கேட்டிருக்கிறது. அந்த அக்கா யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள். கை நீட்டுவது போலிருக்கும் என்பாள். கூட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று எதைக் கேட்டாலும் 'வேணாம், பழகிப்போச்சு' என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள்.

"சாப்பிட்டேன்" என்றாள் களஞ்சியம். "பாசிக்குப் போற நாள்ல என்னென்ன செய்வீங்கன்னு சொல்லுங்களேன்."

"என்ன மேடம் பெருசா. விடியுமுன்ன படகுல ஏறுவோம். விரலுக்குத் துணி சுத்திக்கிருவோம், பாறை கிழிக்கும்ல. தண்ணி ஏறுறதுக்குள்ள சாக்க நெரப்பிட்டு வந்திருவோம்."

"தண்ணிக்குள்ள யாருக்காச்சும் ஏதாவது ஆச்சுன்னா?"

"பக்கத்துல இருக்கவ தலமுடியப் பிடிச்சுத் தூக்குவா. பஞ்சவர்ணத்தை நான் ரெண்டு தடவ தூக்கியிருக்கேன். கனம்னா கனம், எரும கெட்டுச்சு!" குரல் சிரித்தது. பிறகு, "மன்னிச்சுக்கங்க மேடம்" என்றது.

"பக்கத்துல யாரும் இல்லன்னா?"

பலகை பேசாமல் இருந்தது. தமயந்தி ரகசியமாக, "இதை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை போல" என்றாள்.

"தனியாப் போகமாட்டேன் மேடம்" என்றது குரல், கொஞ்சம் மெதுவாக. "நான் அப்படிப் போற ஆளில்லை. படகு போயிருச்சுன்னா அன்னைக்கு வேலை இல்லைன்னு வீட்ல கெடப்பேன்."

"ஒருநாள் வீட்ல இருக்க முடியல. கூட்டத்துல உக்கார வச்சுட்டாங்க. கூட்டம் முடிஞ்சு வெளிய வரும்போது வெயில் ஏறிப்போச்சு. அந்த மாசத்துல கடல் நல்லா வத்துற நாளு அதுதான். அப்ப என்ன செய்வீங்க?"

"போவேன்."

"தண்ணி ஏறுது. காத்து திரும்புது. வள்ளத்துல வயசான மனுஷர் ஒருத்தர். வேற யாரும் இல்ல."

களஞ்சியம் தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப யாராச்சும் வரணும்ல மேடம்" என்றது குரல்.

"எப்படி வரணும்?"

"எப்படின்னா? வெரசா வரணும். படகுலதான் வரணும். பொழுதனைக்கும் அங்கனக்குள்ளயே ஒண்ணு நின்னா என்ன, கேடா?"

தமயந்தி பதிலைப் பதிவு செய்தாள்.

*

ஆண்டுப் பேரவை அடுத்த மாதம் கூடியது. நூற்றுச் சொச்சம் நாடுகளிலிருந்து உறுப்பினர்கள் திரையில் வந்தார்கள். களஞ்சியமும் பஞ்சவர்ணமும் தமயந்தியின் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

முதல் பொருளாக அச்சியெங் எழுந்தாள். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"ஒரு சகோதரி ஓராண்டாக எங்கள் கதவைத் தட்டினார். அவர் குரலுக்கு எடை இல்லை என்று நாங்கள் சொன்னோம். அது எங்களுக்கு அவமானம். இன்று விதியைத் திருத்துகிறோம். உறுப்பினர் இறந்தாரா என்பதில், உடன்பிறந்த பெண்ணின் சொல் இனி முழு எடை பெறும்."

பல நாடுகளில் கைதட்டினார்கள். தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. பஞ்சவர்ணம், "பரவாயில்லையே, கெழவி நல்லவதான்" என்றாள்.

"ஆகவே, பாம்பன் கரையின் சகோதரியிடம் முறைப்படி கேட்கிறேன். உறுப்பினர் நம்புசெல்வி உயிரோடு இருக்கிறாரா?"

ஒரு வருடமாகக் காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் இந்த மாடியிலும் தொண்டை வறளச் சொன்ன பதில் களஞ்சியத்தின் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறக்கப்போனாள். தமயந்தி அவள் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா" என்றாள், காற்றோடு பேசுவதுபோல. "ரெண்டாவது பொருள் படகு. இப்ப அவங்களை எடுத்துட்டா அவங்க சொன்ன 'வேணும்'மும் போயிரும். கரைக்குத் தகுதி போயிரும். முதல்ல இருந்து கேக்கணும். பணம் வேற கரைக்குப் போயிரும்."

"இத இப்பத்தான் சொல்லுவியா நீ?"

"விதி மாறப்போறது எனக்கே இப்பத்தான் தெரியும்."

களஞ்சியம் பஞ்சவர்ணத்தைத் திரும்பிப் பார்த்தாள். பஞ்சவர்ணத்துக்குப் பாதிதான் புரிந்திருந்தது. பாதியே போதுமாயிருந்தது. மறுநாள் பௌர்ணமி, விடியுமுன் படகேற வேண்டியவள் அவள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சகோதரி, தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்" என்றது பலகை.

"இருக்கா" என்றாள் களஞ்சியம்.

அச்சியெங் கண்ணாடிக்கு மேலாக அவளை நெடுநேரம் பார்த்தாள். என்ன நினைத்தாளோ தெரியாது.

"பதிவாகிறது" என்றாள். "இரண்டாவது பொருள்."

*

படகு பங்குனி மாதம் வந்தது. ஆரஞ்சு நிறம். ஓட்டுவதற்கு இரண்டு பேர். பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் பொத்தான் வைத்த பட்டை. நல்ல படகு, குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டே வாரத்தில் ஒருத்திக்கு மூச்சு முட்டியபோது அது ஓடிவந்து தூக்கியது. ஆண்டுதோறும் அந்தப் படகுக்கு வட்டத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு நம்புசெல்வி ஆண்டுதோறும் பதில் சொல்ல வேண்டும். கேட்பாளராகப் பதிவில் இருப்பது களஞ்சியத்தின் பெயர். வீட்டில் அக்காவின் படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், சான்று வரட்டும் என்று சொல்லிவிடுகிறாள்.

சித்திரையில் ஒரு ஞாயிறு பஞ்சவர்ணம் அவளை அந்தப் படகில் வம்படியாக ஏற்றிக்கொண்டு போனாள்.

"சேலை நனைஞ்சா ஒந்தபால் ஆபீசு அழியாது, ஏறு."

தீவைச் சுற்றி மறுபுறம் போனதும் ஓட்டுகிறவரிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"இதான்" என்றாள்.

"எது?"

"வள்ளம் கெடந்த எடம்."

காலை வேளை, அக்கா வழக்கமாக இறங்கும் நேரம், கடல் வற்றியிருந்தது. அடியில் மணலும் பாறையும் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் தெரிந்தன. பஞ்சவர்ணம் என்னவோ சொல்ல வாயெடுப்பதற்குள் களஞ்சியம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். கால் தரையில் ஊன்றியது. நிமிர்ந்து நின்றாள்.

தண்ணீர் அவள் இடுப்புவரைதான் இருந்தது.